உள்ளுடலைக் காணலும் உரைத்தலும்: யாழ்ப்பாண மருத்துவ வரலாற்றில் ஒரு பிரச்சினை

1

மருத்துவ வரலாறு பொதுவாக மருந்துகளினதும் மருத்துவர்களினதும் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. நோயுற்ற உடலினுள் நிகழ்வதை யார் காண்கிறார், எக்கருவி கொண்டு காண்கிறார், கண்டதை யாருக்கு எம்மொழியில் உரைக்கிறார் என்னும் வினாக்கள் அவ்வரலாற்றில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. இவை மருத்துவத்துக்குப் புறம்பான வினாக்கள் என்று கருதப்படுவதே அதற்குக் காரணமாகலாம். ஆயின், அறிவு எவ்வாறு உற்பத்தி செய்யப்படுகிறது, யாரிடம் சென்று சேர்கிறது என்பனவற்றை ஆராய்வோர்க்கு இவையே தலையாய வினாக்களாகும்.

மூட்டு, தசை, நரம்பு ஆகியவற்றின் நோய்களைக் கண்டறிவதில் இன்று காந்தப் பரிவுப் படமாக்கல் முதன்மையான இடம் பெற்றுள்ளது. எம்.ஆர்.ஐ. என்ற பெயராலேயே மக்கள் அதனை அறிவர். தோளைத் தூக்க முடியாத தோட்டக்காரரும், முழங்கால் வீங்கிய மீனவரும், கால் மரத்துப்போன தையற்காரியும் படச்சுருளையும் அறிக்கையையும் ஓர் உறையில் இட்டுக்கொண்டு வைத்தியரிடம் செல்லும் காட்சி யாழ்ப்பாணத்தில் இன்று புதிதன்று. அவ்வுறையிலிருப்பது அவர்களது சொந்த உடலைப் பற்றிய மிக நுட்பமான செய்தி. ஆயின் அது ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருப்பதால், உறையைச் சுமந்து செல்பவருக்கு அதன் உள்ளடக்கம் தெரிவதில்லை. இந்நிலை இயல்பானதுபோலத் தோன்றினும், ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னர் இதே குடாநாட்டில் இதற்கு மாறான ஒரு முயற்சி நடைபெற்றுள்ளது என்பது மனங்கொள்ளத்தக்கது. அம்முயற்சியின் தோற்றத்தையும் தேய்வையும், அதன்பின் வந்த கருவிகளின் வருகையையும் தொடர்புபடுத்தி நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

ஐரோப்பிய மருத்துவம் வருவதற்கு முன்னர் மூட்டு, தசை நோய்கள் பற்றிய அறிவு யாழ்ப்பாணத்தில் இரு வழிகளில் நிலவியது. ஒன்று, ஏட்டு மருத்துவம். யாழ்ப்பாண அரசர் காலத்தோடு தொடர்புபடுத்தப்படும் பரராசசேகரம், செகராசசேகர வைத்தியம் ஆகிய செய்யுள் நூல்கள் இம்மரபின் சிகரங்கள். இவற்றை ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அச்சேற்றினார். இம்மரபில் மூட்டுப் பிடிப்பும் பக்கவாதமும் இடுப்பு வலியும் ‘வாதம்’ என்ற ஒரே கருத்தின் கீழ் அடங்கின. கீல்வாதம், முடக்குவாதம், பாரிசவாதம் ஆகிய பெயர்கள் இன்றும் வழக்கிலுள்ளன. மற்றையது, முறிவு நெரிவு வைத்தியம். எண்ணெய், பற்று, புக்கை, மட்டை வைத்துக் கட்டுதல் ஆகியவற்றைக் கொண்டு குடும்ப வழியாகப் பயின்றுவந்த கைத்தொழில் அறிவு அது. அதன் கருவி விரல். அதன் ஆய்வு தடவிப் பார்த்தல்.

இம்மருத்துவத்தைப் பொற்காலமாகச் சித்திரித்தல் வரலாற்று நோக்காகாது. அறிவு பரம்பரை இரகசியமாகக் காக்கப்பட்டது. வெட்டிப் பார்க்கப்படாத உடலின் உட்பகுதி ஊகத்துக்கே விடப்பட்டது. சாதியமைப்பின் இறுக்கமும் இருந்தது: பனையிலிருந்து வீழ்ந்து முள்ளந்தண்டு முறிந்த சீவல் தொழிலாளியின் உடலும் காணியுடையவரின் உடலும் அச்சமுதாயத்தில் ஒரே பெறுமதி உடையனவாக இருக்கவில்லை. எனினும் ஒன்றைக் குறிப்பிடல் வேண்டும். வைத்தியரும் நோயாளரும் ஒரே சொற்களைக் கையாண்டனர். ‘வாதம்’, ‘பிடிப்பு’, ‘சுளுக்கு’, ‘நெரிவு’ என்பன இருவருக்கும் பொதுவான சொற்கள். விளக்கம் பிழையாயிருக்கலாம், உரையாடல் இருந்தது.

அச்சொற்களின் எல்லையும் கவனிக்கத்தக்கது. ‘நரம்பு’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். சங்கப் பாடல்களில் அது யாழின் தந்தியையும், முதியோர் உடலில் புடைத்துத் தெரியும் நாளங்களையும் குறிக்கிறது. பேச்சு வழக்கில் இன்றும் குருதி நாளமும், தசையை எலும்போடு பிணைக்கும் நாணும், உணர்ச்சி கடத்தும் நரம்பும் அவ்வொரே சொல்லால் சுட்டப்படுகின்றன. கண்ணால் தனித்தனியே காணாதவற்றைப் பெயரால் தனித்தனியே பிரிக்கும் தேவை சமுதாயத்துக்கு எழுவதில்லை. காட்சி மாறும்போதே சொல்லும் மாறவேண்டியதாகிறது.

3

அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஜோன் ஸ்கடர் 1820இல் பண்டத்தரிப்பில் மருத்துவப் பணி தொடங்கினார். அவருக்குப் பின் வந்தோருள் சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822–1884) முதன்மையானவர். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அவர், மறு ஆண்டில் மானிப்பாயில் வைத்தியசாலையையும் மருத்துவ வகுப்பையும் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். 1857இல் தாயகம் சென்று 1862இல் மீண்டும் வந்தபின் தமிழைப் போதனாமொழியாக்கினார். 1873இல் அவர் இறுதியாக இங்கிருந்து சென்றார்.

கிறீனும் அவருடைய மாணாக்கரும் ஆக்கிய நூல்களின் வரிசை வியப்பூட்டுவது. ‘அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்’ 1857இலும், சத்திர மருத்துவம் பற்றிய ‘இரண வைத்தியம்’ 1867இலும் வெளிவந்தன. 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ வெளியாயிற்று. இது ஹென்றி கிறேயின் புகழ்பெற்ற உடற்கூற்று நூலின் தமிழாக்கம். 800 பக்கங்களுக்கு மேற்பட்டது. கிறேயின் மூலநூல் இலண்டனில் வெளிவந்த ஆண்டு 1858. அதாவது, பதினான்கு ஆண்டுகளுக்குள் அக்காலத்தின் மிக முன்னேறிய உடற்கூற்று அறிவு தமிழில் கிடைத்தது. எலும்பும் மூட்டும் தசையும் நரம்பும் ஒவ்வொன்றாகப் பெயரிடப்பட்டு, விவரிக்கப்பட்டு, தமிழில் அச்சேறின. பின்னர் ‘கெமிஸ்தம்’ (1875), ‘மனுஷ சுகரணம்’ (1883) முதலியனவும் வந்தன. மொத்தம் 4,000 பக்கங்களுக்கு மேல்.

இந்நூல்களின் பெயர்களே அவர்களது சொல்லாக்க நெறியைக் காட்டுவன. ‘இரண வைத்தியம்’ நாட்டில் வழங்கிய சொல். ‘அங்காதிபாதம்’ வடமொழி வழி அமைந்தது. ‘கெமிஸ்தம்’ ஆங்கிலச் சொல்லைத் தமிழொலிக்கேற்பத் திரித்தது. தனித்தமிழ் நோக்கில் இவற்றைக் குறைகூறுவோர் உளர். ஆயின் கிறீனின் மாணாக்கருக்கு முன்னிருந்த பிரச்சினை மொழித்தூய்மை அன்று. நாளைக் காலை நோயாளரின் காயத்தைத் திறக்கவேண்டிய ஒருவனுக்கு அவன் காணப்போவதை எப்படிச் சொல்லுவது என்பதே. செயலின் தேவையிலிருந்து பிறந்த மொழி அது.

தமிழைக் கிறீன் தேர்ந்தமைக்கான காரணம் வெறும் மொழிப்பற்று என்று கொள்ளுதல் பொருந்தாது. 1823இல் நிறுவப்பட்ட வட்டுக்கோட்டைச் செமினறி 1855இல் மூடப்பட்டது. ஆங்கிலம் கற்றோர் அரசாங்க உத்தியோகங்களை நாடிச் சென்றமையும், சமயப்பணிக்குச் சுதேச மொழியே உகந்தது என்ற மிஷன் தலைமையின் கொள்கை மாற்றமும் அதற்குக் காரணங்கள். ஆங்கிலத்தில் பயின்ற மருத்துவன் பெருஞ்சம்பளம் கேட்பான், தென்பகுதிக்குப் போய்விடுவான், தமிழில் பயின்றவனே கிராமத்தில் தங்குவான் என்று கிறீன் கண்டார். சமயம் பரப்பும் நோக்கமும் அவரிடம் வெளிப்படையாகவே இருந்தது. எனினும், ஒருவரின் நோக்கம் எதுவாயினும் அவருடைய செயலின் சமூகப் பயன் அந்நோக்கத்துக்குள் அடங்கிவிடுவதில்லை. தமிழில் உயர்மருத்துவம் கற்பிக்கலாம் என்பதை வாதத்தால் அன்றிச் செயலால் மெய்ப்பித்தவர் அவர்.

அம்முயற்சி நிலைக்காமைக்குக் காரணம் தமிழின் இயலாமை அன்று. 1870இல் கொழும்பில் அரசாங்க மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது. அங்கு போதனாமொழி ஆங்கிலம். அரசாங்கச் சேவையும் அதனோடு இணைந்த சம்பளம், தகுதி, சீதனம் ஆகியனவும் ஆங்கிலக் கல்விக்கே உரியனவாயின. காணியும் கல்வியுமே செல்வத்தின் வாயில்களாயிருந்த யாழ்ப்பாணத்து மேல்நிலைப் பகுதியினர் எவ்வழியைத் தெரிவர் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. குடியேற்ற ஆட்சியின் உத்தியோகச் சந்தையில் தமிழ் மருத்துவனுக்கு விலை இருக்கவில்லை. மொழியின் ஆற்றல் பற்றிய விவாதமாக நாம் இன்றுவரை நடத்திவரும் விவாதம் உண்மையில் அச்சந்தையின் வரலாறே எனலாம்.

4

இனிக் கருவிகளின் வரலாற்றுக்கு வருவோம். 1895இல் ரொன்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தமை, வெட்டாமலே உடலினுள் காணும் வாய்ப்பை அளித்தது. ஆயின் எக்ஸ் கதிருக்கு எலும்பே தெளிவாகப் புலப்படும். தசை, நாண், எலும்பை எலும்போடு பிணைக்கும் நார், மூட்டின் கசியிழையம், நரம்பு ஆகிய மென்னிழையங்கள் அதில் நிழலாகவே நின்றன. இக்குறையைத் தீர்த்தது காந்தப் பரிவு.

அதன் செயன்முறையைச் சுருங்கக் கூறலாம். நம் உடலில் நீராகவும் கொழுப்பாகவும் ஐதரசன் நிறைந்துள்ளது. அதன் கருவான புரோத்தன் ஒவ்வொன்றும் ஒரு நுண்காந்தம் போன்றது. பூமியின் காந்தப்புலத்திலும் 30,000 மடங்குக்கு மேற்பட்ட, 1.5 தெஸ்லா வலிமையுடைய புலத்தில் உடலை இருத்தி, அப்புரோத்தன்களின் அதிர்வெண்ணுக்கு ஒத்த, ஏறத்தாழ 64 மெகாஹேட்ஸ் வானொலியலையைச் செலுத்தினால் அவை சக்தியை ஏற்கும். அலை நின்றதும் ஏற்றதைத் திருப்பித் தரும். தசையும் கொழுப்பும் நாணும் திருப்பித் தரும் வேகம் வேறுவேறு. அவ்வேற்றுமையே படமாகிறது.

இக்கருவி ஒரு தனிமேதையின் படைப்பன்று. அணுக்கருவின் காந்த இயல்பை ராபி 1938இல் அளந்தார். புளொக், பேர்செல் ஆகியோர் 1946இல் திண்மங்களிலும் திரவங்களிலும் பரிவைக் கண்டனர். லோட்டர்பர் 1973இல் அதனைப் படமாக்கும் வழியைக் காட்டினார். 1977இல் மான்ஸ்பீல்டும் அவரது உடனுழைப்பாளரும் உயிருள்ள மனிதரின் விரலொன்றின் குறுக்குவெட்டுப் படத்தை வெளியிட்டனர். லோட்டர்பருக்கும் மான்ஸ்பீல்டுக்கும் 2003இல் நொபெல் பரிசு கிடைத்தது.

இவ்வுலகப் பொது உழைப்பில் தமிழ்நிலத்துக்கும் பங்குண்டு. 1952இல் சென்னைக்கு வந்த மார்க்சிய விஞ்ஞானி ஜே. டி. பேர்னல், நாணுக்கும் கசியிழையத்துக்கும் வலிமை தரும் கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு இன்னும் அறியப்படவில்லை என்று ஜி. என். இராமச்சந்திரனிடம் குறிப்பிட்டார். சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து கிடைத்த கங்காரு வால் நாணைக் கொண்டு இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் ஆராய்ந்து, 1954, 1955ஆம் ஆண்டுகளில் அதன் மும்முறுக்குச் சுருளமைப்பை வெளியிட்டனர். 1971இல் இராமச்சந்திரனும் ஏ. வி. இலட்சுமிநாராயணனும், பல கோணங்களில் எடுத்த நிழல்களிலிருந்து உள்ளுருவை மீளக் கட்டியெழுப்பும் கணித முறையொன்றை அளித்தனர். சீ.டி. எனப்படும் கணினிக் குறுக்குவெட்டுப் படமாக்கலில் அது பெரிதும் பயன்பட்டது. அறிவின் உற்பத்தி உலகு தழுவியது. அதன் உடைமையே ஒரு சிலருக்குரியது. குறைகடத்தா நிலையல்ல, மீகடத்து நிலையில் இயங்கும் காந்தத்தையும், அதனை −269 பாகையில் குளிர்விக்கும் திரவ ஈலியத்தையும் கொண்ட இப்பொறியை ஆக்குவோர் ஒருசில பெருநிறுவனத்தினரே. வாங்குவோர் விலையையும் திருத்தச் செலவையும் அவர்களிடமே ஒப்படைக்க வேண்டியுள்ளது.

5

அண்மைக் காலத்தில் இக்கருவியின் நுட்பம் பல திசைகளில் வளர்ந்துள்ளது. கொழுப்பின் ஒளியை அடக்கி எடுக்கும் படம், என்பு மச்சையில் நீர் கோத்திருப்பதைக் காட்டும். எக்ஸ் கதிருக்குத் தப்பும் நுண்முறிவு அதில் அகப்படும். கடோலினியம் கலந்த திரவத்தை மூட்டினுள் ஏற்றி எடுக்கும் படம், தோள்மூட்டின் விளிம்பிலுள்ள கிழிவைக் காட்டும். கசியிழையம் தேயத் தொடங்குமுன்னரே அதன் நீரும் கொலாஜனும் மாறுவதை அளந்து நிறத்தால் காட்டும் முறையும் உண்டு. 1993இல் நரம்பைச் சூழ்ந்த இழையத்திலிருந்து பிரித்துக் காட்டும் நரம்புப் படமாக்கல் அறிமுகமாயிற்று. நரம்பிழையின் நீளப்போக்கில் நீர் எளிதாகப் பரவும் இயல்பைக் கொண்டு அவ்விழைகளின் திசையையே வரையும் முறை 1994இல் வெளிவந்தது. முன்னர்க் கூறிய ‘நரம்பு’ என்ற ஒரு சொல்லுள் கலந்து கிடந்த நாளமும் நாணும் நரம்பும் இப்போது கண்முன் தனித்தனியே நிற்கின்றன.

ஆயின் படம் தானாகப் பேசுவதில்லை. நாண் ஒன்று காந்தப்புலத்துக்கு ஏறத்தாழ 55 பாகைச் சாய்வில் அமையுமாயின், நோயில்லாதபோதும் நோயுற்றதுபோல் ஒளிரும். கொலாஜன் இழைகளின் ஒழுங்கே இதற்குக் காரணம். இதனை அறியாதவர் இல்லாத நோயைக் காண்பார். அதுபோலவே, நடுவயதினர் பலரது முள்ளந்தண்டுப் படத்தில் வட்டுப் புடைப்புக் காணப்படும்; அவர்களுட் பலருக்கு வலியே இருப்பதில்லை. எனவே படத்தை நோயாளரின் வரலாற்றோடு வைத்தே வாசிக்கவேண்டும். எவ்வகைப் பாரத்தைத் தூக்கினார், எந்நிலையில் குந்தியிருந்து வெங்காயம் நட்டார், எத்தனை ஆண்டு வலை இழுத்தார் என்பன அவ்வரலாற்றின் பகுதிகள். இலக்கியத்தைச் சமுதாயப் பின்னணியில் வைத்துப் பொருள்கொள்ள வேண்டும் என்று வாதிடும் நாம், உடலின் படத்துக்கும் அது பொருந்தும் என்பதை உணரல் தகும். நோயாளர் பேசாத இடத்தில், அல்லது அவர் பேசுவது கேட்கப்படாத இடத்தில், வாசிப்பு குறைபட்டே நிற்கும்.

6

மேற்கூறிய நுட்பங்கள் வெளியுலகில் தோன்றிய அதே ஆண்டுகளில் யாழ்ப்பாணம் எந்நிலையில் இருந்தது? 1978இல் யாழ்ப்பாணத்தில் மருத்துவபீடம் தொடங்கிற்று. 1987 ஒக்டோபர் 21, 22ஆம் திகதிகளில் யாழ்ப்பாண வைத்தியசாலைக்குள் இந்தியப் படையினர் நுழைந்து, ஊழியரும் நோயாளருமாக 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றனர். அவர்களுட் பலர் கதிரியற் பகுதியில் அடைக்கலம் புகுந்திருந்தோர். உடலினுள் காண்பதற்கென அமைந்த இடமே கொலைக்களமாயிற்று. ‘முறிந்த பனை’ நூலாசிரியருள் ஒருவரும், மருத்துவபீடத்தின் உடற்கூற்றியல் துறைத் தலைவருமான ராஜினி திராணகம 1989 செப்டெம்பர் 21இல் சுட்டுக் கொல்லப்பட்டார். 1990இல் பொருளாதாரத் தடை வந்தது. 1990களின் பெரும்பகுதியில் குடாநாட்டுக்கு மின்விநியோகம் இருக்கவில்லை. நரம்பை இழை இழையாகக் காட்டும் முறை உலகுக்கு அறிமுகமான 1993இல், இங்கு சத்திர சிகிச்சைக்கு மின்பிறப்பாக்கியும் எரிபொருளுமே பிரச்சினையாக இருந்தன.

போர் 2009இல் முடிந்தது. அதன் எச்சம் உடல்களில் உள்ளது. எறிகணையும் மிதிவெடியும் அறுத்தவை கைகால்கள் மட்டுமல்ல. தோள் நரம்புப் பின்னல், முள்ளந்தண்டு, இடுப்பு நரம்பு ஆகியனவும் அறுந்தன. 1987இல் தொடங்கிய யாழ்ப்பாண ஜெய்ப்பூர் மாற்றுவலுவுள்ளோர் புனர்வாழ்வு நிலையத்தின் வரலாறே இதற்குச் சான்று. இத்தகையோர்க்கே நரம்புப் படமாக்கல் மிகத் தேவை. ஆனால் அவர்களுட் பலரின் உடலில் இன்னும் உலோகச் சிதறல்கள் கிடக்கின்றன. காந்தத்தால் கவரப்படும் இரும்புச் சிதறல் கண்ணருகிலோ, பெருநாளத்தருகிலோ, முண்ணாணருகிலோ இருப்பின் அவ்வலிய புலத்தில் அசையக்கூடும், சூடாகக்கூடும். எனவே முதலில் எக்ஸ் கதிர்ப் படம் எடுத்து ஆராய்ந்து, ஆபத்தெனக் கண்டால் மறுத்துவிடுவர். செயற்கை மூட்டு போன்ற உலோகங்கள் படத்தில் உண்டாக்கும் கறையைக் குறைக்கும் முறைகள் 2009 அளவில் வெளிவந்தன. அவை கறையைக் குறைப்பனவே அன்றி, இரும்புச் சிதறலின் ஆபத்தை நீக்குவன அல்ல. ஆக, எவருடைய நரம்பைப் போர் அறுத்ததோ அவருக்கே அந்நரம்பைக் காட்டும் கருவியின் வாயில் அடைபடுகிறது. விஞ்ஞானத்தின் பயன் சமமாகப் பகிரப்படுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை.

இச்சிதறல் பற்றிய செய்தியும் மொழியோடு தொடர்புடையதே. “உடம்பில் எங்காவது இரும்பு இருக்கிறதா, எப்போது காயப்பட்டீர்கள்” என்ற வினா, நோயாளர் அச்சமின்றி விடை சொல்லக்கூடிய மொழியிலும் சூழலிலும் கேட்கப்படல் வேண்டும். காயம் பட்ட வரலாற்றைச் சொன்னால் சந்தேகத்துக்கு ஆளாவோம் என்று அஞ்சிய ஒரு சமுதாயத்தில், இது வெறும் படிவம் நிரப்பும் காரியமன்று.

7

கிறீன் காலத்தை மீட்டுக் கொண்டுவருதல் இயலாது, அது தேவையுமன்று. மருத்துவபீடத்தின் போதனாமொழியை ஒரே நாளில் மாற்றலாம் என்று கூறுவதும் நடைமுறையறிந்த பேச்சாகாது. ஆயின் அறிக்கையின் இறுதியில் நோயாளருக்கென ஐந்து வரித் தமிழ்ச் சுருக்கம் எழுதுதல் இயலாத காரியமா? 1950கள் முதல் அரசகரும மொழித் திணைக்களம் வெளியிட்ட சொற்றொகுதிகளால் ஐதரசனும் புரோத்தனும் கசியிழையமும் பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பழகிய சொற்களாயின. மூட்டு, கீல், பொருத்து, மொளி என ஓர் உறுப்புக்கே பல சொற்களை மக்கள் வழக்கு தந்துள்ளது. மருத்துவபீடமும் தமிழ்த்துறையும் ஒன்றுகூடி, இவ்விரு ஊற்றுகளையும் கொண்டு அறிக்கைத் தமிழ் ஒன்றை உருவாக்குதல் கூடும். வாசிப்போர் நோயாளரே ஆதலின், அவர்களிடம் சோதித்தே அச்சொற்கள் கொள்ளப்படல் வேண்டும்.

மானிப்பாயில் அன்று நடந்தது ஒரு தனிமனிதரின் முயற்சி. ஆட்சியும் உத்தியோகச் சந்தையும் அதற்கு எதிராக நின்றன. இன்று பல்கலைக்கழகம் உண்டு, இலவச வைத்தியசேவை என்ற கோட்பாடு உண்டு, தாய்மொழியில் கற்ற பல தலைமுறைகள் உண்டு. இவையனைத்தும் இருந்தும் நோயாளர் தம் உடலின் செய்தியைப் பிறர் சொல்லக் கேட்டே அறியவேண்டியிருப்பின், அக்குறை கருவியினுடையதும் அன்று, மொழியினுடையதும் அன்று, நம்முடையதே.